ஈஸ்வரி வேலை பார்க்கும் எரிமலை

கப்பல் என்று ஈஸ்வரி சொன்னதை நான் கப்பல் என்றே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் குழப்பம் முழுவதும் அதில்தான் தொடங்கியது.

ஜப்பானின் தென்கோடியில் ககோஷிமா என்றொரு துறைமுக நகரம். அதற்கு நேர் எதிரே கடலுக்குள் சகுராஜிமா என்ற எரிமலைத் தீவு. அந்த மலையடிவாரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் என் மனைவி ஈஸ்வரி இரண்டே கால் வருடமாக வேலை பார்க்கிறாள். வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வைத்து, படுக்க வைக்கிற வேலை. அவளைப் பார்க்க மே மாதத்தில் ஐந்து நாள் போயிருந்தேன்.

பார்த்துவிட்டு வருவதாகத்தான் ஊரில் சொல்லியிருந்தேன். சின்னமனூரில் பஸ் ஏறும்போது அம்மா மட்டும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "ஏலே, சும்மா பார்த்துட்டு வந்து நிக்காத. மூணு வருசம்னுதான போனா? எந்தத் தேதில வாறான்னு கேட்டுட்டு வா" என்றாள். என் மகள் யாழினி நாலாம் வகுப்பு. ஒரு அரிசிமுறுக்குப் பொட்டலத்தை என் பையில் திணித்து, "அம்மாவுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். சின்னமனூரில் சின்னதாக ஒரு கடை. வாழைத்தோட்டம், திராட்சைப் பந்தல் என்று தேவாரம் வரைக்கும் வேலைக்குப் போவேன். கடல் என்றால் ராமேஸ்வரத்தில் ஒருமுறை முங்கி எழுந்ததோடு சரி.

ஈஸ்வரிக்கு அன்று மதியம் வரை வேலை. குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "துறைமுகத்துல கப்பல் நிக்கும். ஏறுங்க. அடுத்த கரையில இறங்குங்க. நான் அங்கன நிப்பேன். ரொம்ப யோசிக்காதீக."

துறைமுகத்தில் டிக்கெட் கவுண்டரைத் தேடினேன். இல்லை. ஆட்கள் பாட்டுக்கு நடந்து போய்க் கப்பலில் ஏறினார்கள். சீருடையில் நின்ற ஒருவரிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், "சேட்டா, டிக்கெட் எவிடெயா?" என்று மலையாளம் வந்து விழுந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் தமிழ் தெரியாத வெளியாள் என்றால் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான். நாக்குக்கு அந்த ஒரு வழிதான் பழக்கம். அவர் ரொம்ப மரியாதையாகக் குனிந்து, கப்பலைக் கை காட்டினார்.

கீழே லாரிகளும் கார்களும். மேலே வரிசையாக நாற்காலிகள். ஒரு மூலையில் சாப்பாட்டுக் கடை. கடல் பயணம், எப்படியும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும், சாவகாசமாகச் சாப்பிடலாம் என்று படத்தைத் தொட்டுக் காட்டி ஒன்று வாங்கினேன். கொதிக்கிற தண்ணிக் குழம்பில் விரல் தடிமனுக்கு வெள்ளை வெள்ளையாக நூடுல்ஸ். மேலே பொன்னிறத்தில் ஒரு வட்டம் மிதந்தது. பருப்பு வடை என்று நம்பிக் கடித்தேன். மீன். அதுவும் இனிக்கிற மீன்.

பக்கத்தில் நின்றவர்கள் வாய் வேகிற சூட்டில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வாய் ஊதி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எதற்கு இந்தப் பறப்பு என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆளே இல்லை. எல்லாரும் வேடிக்கை பார்க்க வெளியே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் எங்கோ முட்டி நின்றது. பிறகு புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கப்பல் மறுபடி கிளம்பியது. இப்போதுதான் உண்மையான பயணம் தொடங்குகிறது என்று நிம்மதியாக மிச்சக் குழம்பையும் குடித்தேன்.

கப்பல் நின்றதும் முதல் ஆளாக இறங்கினேன். ஈஸ்வரியைக் காணோம். போன் போட்டேன்.

"வந்துட்டேன். எங்க இருக்க?"

"இங்கனதான் நிக்கிறேன். வாசல்ல. நீங்க எங்கன நிக்கிறீக?"

"நானும் வாசல்லதான் நிக்கிறேன்."

"என்ன தெரியுது உங்களுக்கு?"

"எதிர்ல கடல். அதுக்கு அங்கிட்டு மலை. மலை மேல மேகம்."

"மலை எதிர்ல தெரியுதா? எனக்குத் தலைக்கு மேல இருக்கு. நீங்க ஏறின எடத்துலயே இறங்கி நிக்கிறீக!" என்றவள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருடத்தில் போனில் எத்தனையோ பேசியிருக்கிறோம். அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக, அவள் நிறுத்தாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

பதினைந்து நிமிடக் கடல் அது. எங்கள் ஊரிலிருந்து உத்தமபாளையம் போகிற நேரம்கூட இல்லை. அந்தக் கப்பலுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. போனபடியே திரும்பி வரும். இரண்டாம் தடவை நான் சாப்பாட்டுக் கடைப் பக்கமே திரும்பவில்லை. கதவுக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பணம் வாங்குகிற இடம் தீவுப் பக்கம்தான் இருக்கிறது என்பது அங்கே இறங்கிய பிறகே தெரிந்தது. நான் ஒருமுறை வந்து, இறங்காமல் போய், மறுபடி வந்திருக்கிறேன், அதற்கெல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை விரலால் சொல்லப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் விரல்களை எண்ணி எண்ணிக் களைத்துப்போனார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஈஸ்வரி படபடவென்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னத்தச் சொன்ன?"

"ஆளு புதுசுன்னு சொன்னேன்."

தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். பேண்ட் போட்டிருந்தாள். நான் கிட்டே போனதும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் வைத்தாள். பழக்க தோஷம். வைத்த பிறகுதான் யாருக்கு வைத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. நானும் பதற்றத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். இரண்டே கால் வருடம் கழித்துச் சந்தித்த புருசனும் பொண்டாட்டியும் ஓட்டுக் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

அவள் தங்கும் விடுதியில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. நகரப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அறை எடுத்திருந்தாள். காலையில் இருவரும் கப்பலேறித் தீவுக்குப் போவதும் சாயங்காலம் திரும்புவதும் என்று ஏற்பாடு. விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏறி மலை கடந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புகிற எங்கள் ஊர்ப் பெண்களின் ஞாபகம் வந்தது. ஜீப்பில் ஏறினால் பேச்சுச் சத்தம் காதைக் கிழிக்கும். இந்தக் கப்பலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் விடிகாலையில் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்துக் கட்டியிருந்த லுங்கியோடு நடைபாதைக்கு ஓடினேன். அங்கே யாரும் ஓடவில்லை. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. திரும்பி வந்தால் ஈஸ்வரி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைங்க" என்றாள் நுரையோடு. "அப்பப்ப அப்படித்தான்."

ஜன்னலில் பார்த்தேன். நேற்று நான் மேகம் என்று சொன்னது மேகமில்லை. மலை உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தூண் எழுந்து, மேலே போய் எங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மலை புதிதில்லை. இரண்டு பக்கமும் மலை பார்த்து வளர்ந்தவன். எங்கள் மலை மழையை அனுப்பும். எப்போதாவது யானையை அனுப்பும். அதற்குமேல் அதனிடம் பயப்பட ஒன்றுமில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?"

"முத மாசம் இருந்துச்சு. இப்ப துணி காயப் போட்டிருக்கமேன்னுதான் கவலை."

தெருவில் பளிச்சென்று வெயில். ஆனால் எல்லாரும் குடை பிடித்துப் போனார்கள். சாரல் மாதிரிப் பொடிச் சாம்பல் இறங்கிக்கொண்டிருந்தது. பல்லில் நறநறத்தது. வீட்டு வாசல்களில் மஞ்சள் பைகளைக் கட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரே தெருவில் இத்தனை வீட்டில் கல்யாணமா என்று கேட்டேன். கூட்டிய சாம்பலை அதில் கட்டி வைத்தால் நகராட்சி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகுமாம். எங்கள் ஊரில் மஞ்சப்பை வீட்டுக்குள் வந்தால் தாம்பூலம்.

அவளை இல்லத்தில் விட்டுவிட்டுத் தீவைச் சுற்றி வரலாம் என்று பஸ் நிறுத்தத்தைத் தேடி நடந்தேன். சாம்பல் வலுத்தது. சாலையோரத்தில் நாலு தூண், மேலே சுத்தமாகக் கூரை போட்டு ஒரு இடம் இருந்தது. பக்கத்திலும் அதேபோல ஏழெட்டு. ஒரு சின்ன ஊருக்கு இத்தனை பஸ் நிறுத்தமா என்று ஆச்சரியப்பட்டபடி ஒன்றில் ஒதுங்கினேன். உட்கார வழுவழுப்பாக ஒரு கல் திட்டு. எதிரில் பூ வைத்த குவளை. பஸ் நிறுத்தத்தில் பூ வைக்கிற நாடு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

ஓரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற குழாயை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து லேசாக முறுக்கினேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். குழாய்த் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்து எதிரே இருந்த உயரமான கல்லை முழுக்காட்டியது. உள்ளங்கையால் அடைத்தேன். முகத்தில் அடித்தது. துண்டைத் திணித்தேன். துண்டு பறந்தது. இருபது வருடமாகக் குழாயோடு வாழ்கிறவன், திருகுமரையின் அளவுகூடப் புரியாமல் நனைந்துகொண்டு நின்றேன்.

அப்போது ஒரு கையில் குடையும் ஒரு கையில் புதுப் பூவுமாக ஒரு வயதான அம்மாள் வந்தார். என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தரையில் ஒரு சின்ன மூடியைத் திறந்து உள்ளே இருந்த வால்வைத் திருகினார். தண்ணீர் நின்றது. கல்லில் செதுக்கியிருந்த எழுத்துகளை அப்போதுதான் கவனித்தேன். அது கல்லறை. சாம்பல் விழாமல் இருக்கக் கூரை போட்ட கல்லறை. இத்தனை நேரமும் நான் உட்கார்ந்திருந்தது அவர்கள் குடும்பத்தின் மேல்.

கை கூப்பினேன். "தெரியாம உக்காந்துட்டேன்ம்மா, மன்னிச்சுக்கங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பையிலிருந்து நாலைந்து மஞ்சள் பழங்களை எடுத்து என் ஈரக் கையில் வைத்தார். கோழி முட்டையை விடச் சின்னது, தோலை உரித்தால் புளிப்பும் இனிப்புமாகச் சாறு, உள்ளே வழுக்குகிற பெரிய கொட்டை. இருவரும் கல்லறைக் கூரையின் கீழ் நின்று சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஊர் சின்னது, செய்தி எனக்கு முன்பே அவளிடம் போய்விட்டது. "தண்ணி ஊத்திக் கல்லறையைக் கழுவுறது இங்கன மரியாதைங்க. 'எங்க வீட்டுக்காரர இந்த வருசம் யாருமே இவ்வளவு நல்லாக் குளிப்பாட்டல'ன்னு அந்தம்மா சொன்னாகளாம்."

மூன்றாம் நாள் இல்லத்துக்குள் என்னைக் கூட்டிப் போனாள்.

வேலை செய்கிற ஈஸ்வரியை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று அன்று தெரிந்தது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் உதவியாளராக இருந்தபோது வாசலில் வண்டியில் காத்திருப்பேன், அவ்வளவுதான். வீட்டில் அம்மா பேசும்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். இங்கே கூடத்தின் நடுவில் நின்று யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருவர் ஓடி வந்தார்கள். சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் முன்னால் மண்டியிட்டு, கண்ணுக்குக் கண் பார்த்து, மெல்ல ஏதோ சொன்னாள். அவர் முறைத்தார். இவளும் முறைத்தாள். அவர் வாயைத் திறந்தார். கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டி, தொண்டையில் விரல் வைத்து இறங்கியதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் செருப்பு மாற்றும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மானேஜரம்மா வந்து எனக்குத் தேநீர் கொடுத்தார். மொழிபெயர்க்கிற செயலியைப் போனில் திறந்து, அதனிடம் பேசினார். போன் ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது: "உங்கள் மனைவி ஜனவரியில் போரிடுவாள். வென்ற பின் உங்களையும் குழந்தையையும் இறக்குமதி செய்வாள். நாங்கள் அனைவரும் மகிழ்ச்சி அடைகிறோம்."

நான் "ம்" என்றேன்.

அவர் மறுபடி பேசினார். "தேர்வு கடினமானது. அவள் உறங்குவதில்லை. குழந்தைக்குப் பள்ளி அருகில் உள்ளது. எரிமலைக் கல்லுக்குத் தொப்பி இலவசம்."

மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. புரட்டினேன். கட்டம் கட்டமான எழுத்துகளுக்கு மேலே பொடிப்பொடியாக ஈஸ்வரியின் தமிழ்க் கையெழுத்து. ஒரு பக்கம் பாக்கி இல்லை. நாள்காட்டியில் ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பில் வட்டமிட்டிருந்தது. தேதி கேட்டுவிட்டு வா என்று அம்மா அனுப்பிய தேதி இதுவாக இருக்க முடியாது என்று மட்டும் புரிந்தது.

சாயங்காலக் கப்பலில் ஏறி உட்கார்ந்தோம். கப்பல் கிளம்பியது.

"இறக்குமதியா?" என்றேன்.

அவளுக்கு முகம் மாறியது. "யாரு சொன்னா?"

"போனு சொல்லுச்சு. என்ன பரீட்சை?"

சொன்னாள். மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் எழுதுகிற அரசாங்கப் பரீட்சை. தேறினால் இங்கேயே இருக்கலாம், வருடக் கணக்குக் கிடையாது, புருசன் பிள்ளையையும் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் எங்கள் பேச்சுப்படி மூன்று வருடம் முடிந்ததும் ஊருக்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேக்கத்தான உங்கள வரச் சொன்னேன்? போன்ல கேட்டா 'ம்'முன்னுவீக. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு எனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து தெரியாது."

அதற்கும் எனக்கு "ம்" என்றுதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கப்பல் நகரப் பக்கம் வந்து முட்டியது. எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா இருக்கு. கடை இருக்கு. இங்கன வந்து நான் என்ன செய்வேன் ஈஸ்வரி? கப்பல விட்டு இறங்கவே தெரியல எனக்கு. ஒரு குழாயத் திருகத் தெரியல."

"நான் வந்தப்ப எனக்கு என்ன தெரிஞ்சுச்சு? கழிப்பறையில எந்தப் பட்டன அமுக்குறதுன்னு தெரியாம ஒரு நாள் உள்ளயே உக்காந்து அழுதேன். உங்ககிட்டச் சொன்னனா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா 'வந்துரு'ன்னுருவீக."

கப்பல் ஊழியர் ஒருவர் வந்து குனிந்து ஏதோ கேட்டார். ஈஸ்வரி பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்னவாம்?"

"இறங்கலையான்னு கேட்டாக. இன்னும் பேசி முடிக்கலைன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னாக."

கப்பல் மறுபடி எரிமலையைப் பார்த்துக் கிளம்பியது. யாழினியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பேச்சை அவள் அவ்வளவு நேரமும் தள்ளி வைத்திருந்தாள் என்பது நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்ததில் தெரிந்தது. "பல்லு விழுந்து முளைச்சது பூராம் போன்லதான் பார்த்தேன். சடை பின்னி விட்டது உங்க தங்கச்சி. ராத்திரி காய்ச்சல்னா முழிச்சிருந்தது நீங்க. எனக்குத் தெரியாதா? அதுக்காகத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரில டாக்டர் வாறப்பல்லாம் சுவத்தோட ஒட்டி நிக்கணுமா? இங்கன நான் நோட்டுல எழுதினா அதுதாங்க எழுத்து. அத வச்சுத்தான் டாக்டரே மருந்து மாத்துறாக."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அம்மா சொல்லி அனுப்பியதிலும் தப்பில்லை. இருக்கையில் தலை சாய்த்து அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். தோளைத் தொடலாமா கூடாதா என்று யோசித்து முடிப்பதற்குள் தீவு வந்துவிட்டது.

நாலாம் நாள் அவளுக்கு விடுமுறை. முந்தின நாள் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கடற்கரையில் நீளமாகக் கால் நனைக்கிற தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார்கள். எரிமலைச் சூட்டில் கொதித்து வருகிற வெந்நீர். பைசா கிடையாது. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அதில் காலை விட்டு உட்கார்ந்தோம். யாழினி கொடுத்த முறுக்கை உடைத்து உடைத்துத் தின்றோம்.

ஈஸ்வரி பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, மறுபக்கம் தமிழ் அர்த்தம். எழுத்தை அவளுக்குக் காட்ட வேண்டும், அவள் சொல்வது சரியா என்று நான் பார்க்க வேண்டும்.

"படுக்கைப் புண்" என்றாள். சரி. "விழுங்குவதில் சிரமம்." சரி. "துணையின்றி நடத்தல்." சரி. சில அட்டைகளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அவள் தலையைச் சாய்த்துப் படித்தாள், என்னைத் திருத்தவில்லை. ஒரு அட்டைக்கு வந்ததும் நிற்காமல், "குடும்பத்தாரின் ஒப்புதல்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். நான்தான் அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

நூற்றுச் சொச்சம் அட்டைகளில் பதினொன்று தப்பு. அந்தப் பதினொன்றையும் தனியாக எடுத்து மறுபடி கேட்டேன். அதில் நாலு தப்பு. மறுபடி கேட்டேன். கால் விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயின.

"நீங்க கேட்டா நல்லா ஞாபகம் நிக்குது" என்றாள்.

நான் வந்த காரியம் என்ன, செய்துகொண்டிருக்கிற காரியம் என்ன என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

ஐந்தாம் நாள். மானேஜரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போய்விட்டு, பதினொன்றரை மணிக் கப்பலில் கடைசியாக நகரத்துக்குத் திரும்பினோம். என் பையை ஈஸ்வரி மடியில் வைத்திருந்தாள். மலை சும்மா இருந்தது. கப்பல் கிளம்பியதும் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. யாழினி.

பின்னால் மேளச் சத்தமும் ஒலிபெருக்கியும். நம்மூர் நேரம் காலை எட்டு மணி. வீரபாண்டித் திருவிழாவுக்கு என் தங்கை அவளைக் கூட்டிப் போயிருந்தாள். தலையில் ஈரம். கையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்த சின்னக் குடம். அம்மன் கோயில் வாசலில் நட்டிருக்கிற கம்பத்துக்கு, எதையாவது வேண்டிக்கொண்டு அந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள்.

"அப்பா! ஆத்துல முங்கிட்டு வந்துட்டோம். கம்பத்துக்குத் தண்ணி ஊத்த வரிசையில நிக்கிறோம். அத்தையும் நிக்கிறாக. அம்மா எங்க?"

ஈஸ்வரி முகத்தைக் காட்டினாள். யாழினி அம்மாவை ஒரு நொடி பார்த்துவிட்டு என்னிடமே கேட்டாள்: "அம்மா எப்ப வருதுன்னு சொல்லுச்சு?"

ஐந்து நாளாக இந்தக் கேள்விக்குத் தப்பித்துக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்கு ஒரு பரீட்சை இருக்குத்தா. ஜனவரில."

"பாஸானா?"

"பாஸானா நீயும் நானும் அம்மாகிட்ட வந்துரலாம். இங்கனயே இருக்கலாம்."

"பெயிலானா?"

"பெயிலானா அம்மா நம்மகிட்ட வந்துரும்."

அவள் யோசித்தாள். வரிசை நகர்வது தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து அவளைத் தள்ளினார்கள். போன் ஆடி, வேப்பிலையும் வானமும் கோபுரமும் மாறி மாறித் தெரிந்தன. மறுபடி அவள் முகம் வந்தபோது கம்பத்துக்கு ரொம்பக் கிட்டே போயிருந்தாள்.

"அப்பா, சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு முறை வந்துருச்சு. அம்மா பாஸாகணும்னு ஊத்தவா, ஆகக் கூடாதுன்னு ஊத்தவா?"

ஈஸ்வரியைப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள் இப்போது என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கவில்லை.

"அப்பா!"

"பாஸாகணும்னு ஊத்துத்தா" என்றேன்.

குடம் கம்பத்தின் மேல் சரிந்தது. குலவைச் சத்தத்தில் எங்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதோடு அழைப்பு அறுந்துவிட்டது.

கப்பல் வேகத்தைக் குறைத்தது. கீழே லாரிகள் ஒவ்வொன்றாக எஞ்சினைப் போட்டன. ஈஸ்வரி என் முழங்கைக்கு மேலே சட்டையைப் பிடித்தாள்.

"நெசமாத்தான் சொன்னீகளா?"

"தெரியல" என்றேன்.

அவள் சட்டையை விடவில்லை. அப்படியே எழுந்து, என் பையையும் தூக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் படியிறங்கினாள்.